சாத்திய கதவும் சிவப்புப் புள்ளிகளும்

உடம்பில் ரத்தம் குறைந்தவர்களை என்னிடம் அனுப்பிவைப்பது இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. பிள்ளைப்பாக்கத்திலிருந்து வருகிறார்கள், ஒரகடத்திலிருந்து வருகிறார்கள். போன மாதம் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை வந்த ஒரு குடும்பம், சாமி கும்பிட்ட கையோடு என் பட்டறைக்கும் வந்துவிட்டுப் போனது. எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "இன்னா சாப்ட்டீங்க, சரியாச்சு?" சாப்பாட்டால் சரியாகவில்லை என்று சொன்னால் நம்புவதில்லை, ஏதோ மருந்தை மறைக்கிறேன் என்று நினைக்கிறார்கள். நான் மறைத்தது வேறு. அதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன். என் கையெழுத்து எனக்கே சில நேரம் புரியாது. மகள் பிழை திருத்துகிறாள். எழுத்தைத் திருத்து, விஷயத்தில் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்பைக்கூட முழுசாக முடிக்காதவன். ஆனால் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் எந்த லாரியை நிறுத்தி டயர் கடை அந்தோணி என்று கேட்டாலும் வழி சொல்வார்கள். ஒரு தண்ணீர்த் தொட்டியும் ஒரு கைப்பம்பும் வைத்துப் புளியமரத்தடியில் பஞ்சர் ஒட்ட ஆரம்பித்தவன், யார் தயவும் இல்லாமல், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறை போட்டேன். ஏழு பேருக்குச் சம்பளம் கொடுத்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இதே ரோட்டில் பட்டறை போட்டுத் தோற்றுப்போனார்கள். நான் ஜெயித்ததற்குக் காரணம் என் சொல்யூஷன்.

சொல்யூஷன் என்பது டயரையும் ரப்பரையும் ஒட்டுகிற பசை. இன்னும் வேகவைக்காத பச்சை ரப்பரைத் துண்டு துண்டாக நறுக்கி ஊறவைத்து, தேன் பதம் வரும்வரை கலக்க வேண்டும். மற்றவர்கள் பெட்ரோலில் ஊறவைத்தார்கள். நான் பென்சாலில் ஊறவைத்தேன். பென்சால் என்பது மெட்ராஸில் டிரம் டிரம்மாக விற்கும் ஒருவகை எண்ணெய். தண்ணீர் மாதிரி இருக்கும், வாசனை இனிப்பாக வரும். அதில் செய்த பசை சீக்கிரம் காயும், பிடித்தால் விடாது. என் கடையில் ரப்பர் போட்ட டயர் கிருஷ்ணகிரி மலை ஏறி இறங்கியும் உரியாது என்று டிரைவர்களே பெருமை பேசுவார்கள்.

இந்த விஷயம் வெளியே போனால் என் பிழைப்பு போயிற்று. அதனால் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் கலக்குவேன். அதற்கு ஒரு ஜன்னல் இருந்தது. ஒரு நாள் சுங்குவார்சத்திரத்துப் பட்டறைக்காரன் ஒருவன் அந்தப் பக்கம் ஒண்ணுக்குப் போகிற சாக்கில் எட்டிப் பார்த்தான். மறுநாளே செங்கல் வைத்து ஜன்னலை அடைத்தேன், நானே பூசினேன். அதற்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டுதான் கலக்கல். பதம் பார்க்க இரண்டு விரலை முக்கி இழுத்துப் பார்ப்பேன். கையில் ஒட்டிய கரியைக் கழுவுவதும் அதே பென்சாலில்தான். உள்ளே வர அனுமதி என் மனைவி லூர்துமேரிக்கு மட்டும். டிரம்மை நான் பிடித்தால் அவள் கலக்குவாள், அவள் பிடித்தால் நான் கலக்குவேன். வெளியே வரும்போது இரண்டு பேருக்கும் லேசாகத் தலை சுற்றும். வெயிலில் நின்றால் சரியாகிவிடும். இப்படி ஒன்பது வருஷம்.

ஏழாவது வருஷத்திலிருந்து எனக்கு அசதி. நான் ஒரே ஆளாக லாரி டயரைக் கழற்றி மாட்டுகிறவன். அது இந்த ரோட்டுக்கே தெரியும். அந்த நான் கடையிலிருந்து வீட்டுக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை. உள்ளூர் டாக்டர் சோகை என்றார். குடலில் கொக்கிப்புழு இருக்கும், அது ரத்தத்தை உறிஞ்சும் என்று பூச்சி மருந்து கொடுத்தார். இரும்புச் சத்து டானிக் கொடுத்தார். லூர்து வாரம் இரண்டு நாள் கசாப்புக் கடையில் காத்திருந்து ஆட்டு மண்ணீரல் வாங்கிவந்து வறுத்துக் கொடுப்பாள். பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, எல்லாம் ஆயிற்று. இரண்டு வருஷம். ஒரு மாதம் கொஞ்சம் தேவலை, அடுத்த மாதம் பழைய கதை. வெளியே யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. முதலாளி சோர்ந்தால் கடை சோர்ந்துவிடும்.

பிறகு புள்ளிகள் வந்தன. முழங்காலுக்குக் கீழே, குண்டூசித் தலை அளவு, சிவப்பாக. அரிப்பு இல்லை, வலி இல்லை, கொப்புளம் இல்லை. முதலில் கொசுக்கடி என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் இரண்டு காலும் நிறைந்துவிட்டது. தொடையில் எங்கும் இடித்துக்கொள்ளாமலே நீலமாகக் கன்றிப்போயிற்று.

என் பட்டறையில் மேஸ்திரி கன்னியப்பன். பிள்ளைப்பாக்கத்துக்காரன், என்னோடு ஆரம்பத்திலிருந்து இருப்பவன். அவன் பார்த்துவிட்டு, "இது அக்கி, மொதலாளி. ஊசி போட்டா உள்ள போயிடும். எங்க ஊர்ல கொயவர் வூட்டுக்கு வாங்க, அக்கி எழுதிடலாம்" என்றான்.

"நான் மாதா கோயிலுக்குப் போறவன்டா."

"அக்கிக்கு மதம் தெரியுமா? வாங்க."

போனேன். குயவர் காவிக்கல்லை இழைத்து இரண்டு காலிலும் பூசினார். மூன்று நாள் அதைக் கழுவாமல் இருந்தேன். அந்த மூன்று நாளில் ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. கோயிலில் பெஞ்சில் என் பக்கத்தில் எப்போதும் உட்காருகிறவர் அன்றைக்கு இரண்டு பெஞ்சு தள்ளிப்போய் உட்கார்ந்தார். பெரிய வியாதி என்று ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது. குஷ்டம் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், பெரிய வியாதி என்பார்கள். அன்றுதான் எனக்கு முதல் பயம் வந்தது. அதுவும் உயிர்ப் பயம் இல்லை. என் கடைக்கு வண்டி வராமல் போய்விடுமோ என்கிற பயம்.

நான்காம் நாள் காலையில் பல் துலக்கும்போது ஈறிலிருந்து ரத்தம் வர ஆரம்பித்தது. மத்தியானம் வரை நிற்கவில்லை. துணி துணியாக நனைந்தது. லூர்து புடவை மாற்றிக்கொண்டு வந்து, "ஏறுங்க வண்டில" என்றாள். லாரி ஒன்றில் ஏற்றிக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோனாள்.

காஞ்சிபுரத்து டாக்டர் வயசானவர். காலைப் பார்த்துவிட்டு, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். காவி போயிற்று, புள்ளிகள் போகவில்லை. ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்துப் புள்ளி மேல் வைத்து அழுத்திப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். சுற்றி இருந்த தோல் வெளுத்தது, புள்ளி அப்படியே சிவப்பாக நின்றது.

இதை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சொறி, சிரங்கு, கடியாக இருந்தால் பெரும்பாலும் அழுத்தும்போது சிவப்பு மறையும். மறையாவிட்டால் அது தோல் வியாதி இல்லை. தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்து நிற்கிறது. பெரிய வியாதியில் வருவது வெளிறின தேமல், அங்கே தொட்டால் உணர்ச்சி இருக்காது. இது வேறு.

ரத்தத்தைச் சோதித்துவிட்டு அவர் சொன்னது: "உனக்குப் பதினாலு இருக்க வேண்டிய இடத்துல நாலரைதான் இருக்கு. நீ நடந்து வந்ததே ஆச்சரியம். இன்னிக்கே மெட்ராஸ் போ." சீட்டில் ஏதோ எழுதினார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. லூர்து எட்டாவது படித்தவள். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இன்னா எழுதிகீறார்?"

"பேரும் வயசும்தான்."

அவள் முகத்தைப் பார்த்தேன். வண்டி வாலாஜாபாத் தாண்டும்வரை அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

மெட்ராஸில் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரி. வார்டில் நாற்பது கட்டில், எனக்குக் கிடைத்தது தூணை ஒட்டிய கட்டில். அங்கே பெரிய டாக்டர் காலையில் பத்துப் பதினைந்து மாணவர்களோடு வருவார். அவருக்குக் கீழே ஒரு சின்ன டாக்டரம்மா, என் மகள் வயசுதான் இருக்கும். அந்தம்மாதான் என்னைப் பார்த்துக்கொண்டது. தினம் ரத்தம் எடுப்பார்கள். எனக்கு இருப்பதே நாலரை, அதிலிருந்தும் எடுக்கிறார்களே என்று கையை இழுத்துக்கொள்வேன். மலத்தைச் சோதித்தார்கள், புழு இல்லை. மூலம் இல்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. ஒவ்வொன்றாக இல்லை இல்லை என்று வரும்போது முதலில் சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, சின்ன வியாதிகளெல்லாம் தீர்ந்துகொண்டே வருகின்றன, மிச்சம் இருப்பது பெரியதுதான் என்று.

ஒரு காலையில் மாணவன் ஒருவன் இன்னொருவனிடம் கேன்சர் என்று சொன்னது காதில் விழுந்தது. இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் அந்த வார்த்தை தெரியாதவன் யார்? அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. பால்பாயின்ட் பேனா ஒன்று வாங்கிவரச் சொல்லி, காலில் புள்ளிகள் எதுவரை இருக்கின்றனவோ அதைச் சுற்றி எல்லைக்கோடு போட்டுக்கொண்டேன். விடிந்ததும் முதல் வேலை, கோட்டைத் தாண்டிப் புதிதாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது. தாண்டியிருக்கும். வேறு கோடு போடுவேன். நாலைந்து நாளில் என் கால் ஏரிக்கரைப் படம் மாதிரி ஆகிவிட்டது. எதிர்க்கட்டிலில் இருந்தவர் ஒரு நாள் காலையில் இல்லை. போர்வை மடித்து வைத்திருந்தது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

மார்பு எலும்பில் ஊசி போட்டு உள்ளே இருக்கும் மஜ்ஜையை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. மரக்க ஊசி போட்டார்கள். ஆனாலும் உறிஞ்சி இழுக்கிற அந்த ஒரு நொடி, நெஞ்சிலிருந்து உயிரையே நூல் கட்டி இழுப்பது போல இருந்தது. லாரி ஜாக்கி நழுவிக் கால் மேல் விழுந்தபோதுகூட வாய்விட்டுக் கத்தாதவன் நான். அன்றைக்குக் கத்தினேன்.

முடிவு வர மூன்று நாள். அந்த மூன்று நாளும் லூர்து காலையில் பட்டறையைப் பார்த்துக்கொண்டு, கஞ்சி வைத்துக்கொண்டு, மத்தியானப் பஸ்ஸில் வந்து, சாயங்காலம் திரும்பிப் போவாள். சொல்யூஷன் தீர்ந்துவிட்டால் வேலை நின்றுவிடும் என்பதால் அவள் தனியாகவே கலக்கிக்கொண்டிருந்தாள். "கதவைச் சாத்திகினு கலக்கு. கன்னியப்பன் கேட்டாலும் வாயைத் தொறக்காதே" என்று ஒவ்வொரு நாளும் நான்தான் சொல்லி அனுப்பினேன். சாகக் கிடக்கும்போதும் எனக்கு அந்தக் கவலைதான்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா வந்து, "ஐயா, கேன்சர் இல்லை" என்றார். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "ஆனா வேற ஒரு பிரச்சினை இருக்கு" என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ரத்தம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் தயாராகிறது. அங்கே மூன்று சரக்கு தயாராகும். சிவப்பணு உடம்புக்குத் தெம்பு கொடுக்கும், வெள்ளையணு காய்ச்சல் வராமல் காக்கும், தட்டணு ரத்தம் கசியாமல் அடைக்கும். எனக்கு மஜ்ஜை வற்றிவிட்டது, மூன்றுமே தயாராகவில்லை. அதனால்தான் சோகை, அதனால்தான் புள்ளிகள். நான் மனசுக்குள் என் பட்டறையை நினைத்துக்கொண்டேன். ஒட்டின ரப்பர் பிடிக்க டயரை அச்சில் மாட்டிப் பாய்லர் நீராவியில் வேகவைப்போம்; பாய்லர் அணைந்துவிட்டால் எத்தனை டயர் மாட்டினாலும் ஒன்றும் வேகாது. ஆட்டு மண்ணீரல் தின்றதெல்லாம் அணைந்த பாய்லருக்கு முன்னால் டயரை அடுக்கிய கதைதான்.

"இது சில பேருக்குக் காரணமே இல்லாம வரும். சில பேருக்கு ஏதாவது மருந்தால வரும், இல்லேன்னா ஏதாவது விஷச் சரக்கு உடம்புல சேர்ந்து வரும். காரணம் தெரிஞ்சா அதை நிறுத்தலாம். நீங்க என்ன வேலை செய்றீங்க?"

சுற்றிலும் மாணவர்கள் நின்றார்கள். பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் ஐந்தாறு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அதில் யார் எந்த ரோட்டுக்காரனோ, யாருக்குத் தெரியும்?

"நான் மொதலாளிம்மா. டயர் பட்டறை. வேலை எல்லாம் ஆளுங்க செய்வாங்க. நான் கல்லாவுல உக்காந்துகினு இருப்பேன்."

"பெயின்ட், கெமிக்கல், பூச்சி மருந்து, எதையாவது கையால தொடுவீங்களா?"

"எதுவும் இல்ல."

அந்தம்மா என் கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் எல்லாம் வெடித்துக் காய்ந்திருந்தது. கல்லாவில் உட்காருகிறவன் கை இல்லை அது. நான் சொன்னதை எழுதிக்கொண்டு போனார்.

ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். ஒரு பாட்டிலுக்கு இரண்டு பேர் கொடுக்க வேண்டும். கன்னியப்பன் பட்டறை ஆட்கள் ஆறு பேரையும் பஸ்ஸில் கூட்டிவந்துவிட்டான். அதில் ஒருவன் பயந்து வார்டு வாசலிலேயே நின்றான்.

"ரத்தம் குடுத்தா ஆம்பளைத்தனம் போயிடும்ங்கறாங்க மேஸ்திரி."

"உனக்கு இருந்தாதானே போறதுக்கு? உள்ள வா."

கட்டிலில் கிடந்த நான்கூட அன்றைக்குச் சிரித்தேன். அவர்களோடு லூர்துவும் போய் வரிசையில் நின்றாள். "எனக்கும் அவருக்கும் ஒரே குரூப்பாம். நானும் குடுக்கறேன்" என்றாள். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை.

ரத்தம் எடுக்கும் இடத்தில் நடந்ததைக் கன்னியப்பன் வந்து சொன்னான். மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீர் ஒரு கண்ணாடி ஜாடியில் வைத்திருப்பார்களாம். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை அதில் விடுவார்களாம். ரத்தம் கெட்டியாக இருந்தால் சொட்டு கீழே இறங்கும். சத்தில்லாவிட்டால் மேலேயே நிற்கும். "எங்க ஏழு பேருதும் கல்லு மாதிரி எறங்கிடுச்சு. அண்ணியுது மட்டும் மெதக்குது, மொதலாளி. ரெண்டு தபா பாத்தாங்க. உனக்கே ரத்தம் இல்ல, நீ எங்கம்மா குடுக்க வந்தேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

லூர்து பின்னாலேயே வந்தாள். கஞ்சி டம்ளரை எடுத்து ஊற்ற ஆரம்பித்தாள், எதுவும் நடக்காத மாதிரி.

"கன்னியப்பா, வெளில போய் டீ குடிச்சுட்டு வா" என்றேன். அவன் போனதும் அவளிடம், "பொடவையைக் கொஞ்சம் தூக்கு. காலைக் காட்டு" என்றேன்.

"இன்னா மனுசன் நீங்க, நாலு பேரு இருக்கற எடத்துல."

"காட்டுடி."

கணுக்காலுக்கு மேல் ஒரு விரற்கடை தூக்கினாள். போதும். எனக்கு அதற்கு மேல் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் மருந்து குடிக்க வைத்திருந்த கண்ணாடி டம்ளரின் அடியைப் புள்ளிகள் மேல் வைத்து அழுத்தினேன். டம்ளருக்குள் அவள் தோல் வெளுத்தது. புள்ளி நின்றது.

"எப்போலேர்ந்து?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

அவள் கஞ்சிப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், மெல்லச் சொன்னாள். "சொன்னா டாக்டரு இன்னா வேலை செய்யறேன்னுதானே மொதல்ல கேப்பாங்க. ரூம் விசயம் யாருக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வந்த அதே புள்ளி, அதே அசதி. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒரு அறைதான். எட்டாவது படித்தவள் அதைக் கூட்டிப் பார்த்துவிட்டாள். நான் ஊரையே ஏய்க்கிற புத்திசாலி, எனக்குத் தோன்றவில்லை. தோன்றினாலும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். பார்த்தும் அவள் வாயைத் திறக்காமல், கதவைச் சாத்திக்கொண்டு, எனக்காகத் தினம் போய்க் கலக்கிவிட்டு வந்திருக்கிறாள்.

என் மார்பில் ஊசி இறங்கியபோது வந்த பயம் பயமே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இறங்கினேன். சுவரைப் பிடித்துக்கொண்டே வார்டு கோடியில் டாக்டரம்மா உட்கார்ந்திருந்த மேஜை வரை போனேன். மூச்சு இரைத்தது. பக்கத்தில் நாலு மாணவர்கள் நின்றிருந்தார்கள். நிற்கட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பென்சால், டிரம், விரலை முக்குவது, கை கழுவுவது, எல்லாம்.

"எத்தனை வருஷமா?"

"ஒம்போது வருசம்."

"ரூம்ல ஜன்னல் இருக்கா?"

"இருந்துச்சு. நான்தான் அடைச்சேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பென்சால் புகை மஜ்ஜையைத் தின்னுடும் ஐயா. திறந்த இடத்துல வேலை செஞ்சதால உங்க ஆளுங்க தப்பிச்சாங்க. நீங்க மூடின ரூம்ல மூச்சு மூச்சா இழுத்திருக்கீங்க. அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"என்னை அப்புறம் திட்டிக்கோம்மா. எம் பொஞ்சாதி அங்க நிக்கிறா. அவளைப் பாரு மொதல்ல."

லூர்துவை அன்றே பெண்கள் வார்டில் சேர்த்தார்கள். அது மாடியில். எனக்கு மாடி ஏற அனுமதி இல்லை. பார்வையாளர் நேரத்தில் மகள் மேலே போய் அவளைப் பார்த்துவிட்டுக் கீழே வந்து என்னைப் பார்ப்பாள். மேலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழம் வரும், பாதி உரித்து. நான் பிஸ்கெட் அனுப்புவேன். அவளுக்கும் மார்பு எலும்பில் ஊசி போட்டார்கள் என்று மகள் சொன்னாள். "கத்தினாளா?" என்று கேட்டேன். "இல்லப்பா. முடிஞ்சதும், உங்கப்பா இதுக்கா கத்துனாருன்னு கேட்டுச்சு."

முடிவுக்கு மறுபடி மூன்று நாள். எனக்காகக் காத்திருந்த மூன்று நாளில் நான் கடவுளிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். எந்த விலையையும் குறைத்துப் பேசத் தெரிந்தவன் நான். அவளுக்காகக் காத்திருந்தபோது பேரம் பேச வாய் வரவில்லை. எந்த முகத்தோடு பேசுவது? கன்னியப்பன் வல்லக்கோட்டைக்கு நடந்தே போய் வேண்டிக்கொண்டு வந்து, தலையணைக்கு அடியில் விபூதிப் பொட்டலம் வைத்தான். பாதர் வந்து ஜெபமாலை கொடுத்தார். அதையும் அங்கேயே வைத்தேன். பேனாவைத் தொடவில்லை, என் காலில் கோடு தாண்டினால் தாண்டட்டும் என்று விட்டுவிட்டேன். யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் டாக்டரம்மாவோ என்று தலையைத் தூக்கிப் பார்ப்பேன். நடப்பது அவர்தான் என்று தெரிந்தால் கண்ணை மூடிக்கொள்வேன்.

மூன்றாம் நாள் அவர் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். டாக்டர்கள் அப்படி உட்கார மாட்டார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அம்மாவுக்கு மஜ்ஜை முழுசா அணையலை. பாதி வேலை செய்யுது. இன்னும் நாலஞ்சு மாசம் அந்த ரூமுக்குள்ள போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. இனிமே அந்தப் பக்கமே போகாம இருந்தா தேறி வரலாம். வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். மாசா மாசம் ரத்தம் பார்க்கணும்."

நான் அழுதேன். மகள் இந்த இடத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

கன்னியப்பன் முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு டிரம்களை வெளியே உருட்டி, வாங்கின இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். எனக்கு மொத்தம் பதினான்கு பாட்டில் ரத்தம் ஏறியது. எட்டு மாதம் மாத்திரை தின்றதில் முகம் பூசணிக்காய் மாதிரி உப்பிப்போய், பழைய டிரைவர்கள் என்னிடமே வந்து முதலாளி எங்கே என்று கேட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளிகள் மங்கின, புதிதாக வருவது நின்றது. என்னைப் போல வற்றியவர்களில் தேறாதவர்களும் உண்டு. வார்டில் என் கண்ணாலேயே பார்த்தேன். நான் தேறியதற்கு என் உடம்புவாகு காரணம் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. இப்போது பட்டறையில் பெட்ரோலில்தான் கலக்குகிறோம், அதுவும் வெட்டவெளியில், குச்சியால், கையை விடாமல். பசை முன்னைப் போல இல்லை. சுங்குவார்சத்திரத்துக்காரனையும் மற்ற பட்டறைக்காரர்களையும் நேரில் போய்ப் பார்த்துப் பென்சால் விஷயத்தைச் சொன்னேன். ஒருவன், இவன் சரக்கு மட்டமாகிப் போனதால் நம் தொழிலையும் கெடுக்கப் பார்க்கிறான் என்று சிரித்தான். அவன் மனைவியிடம் தனியாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதனால் வருகிறவர்களுக்கு நான் சொல்வது: சோகை வந்தால் கீரை தின்னுங்கள், தப்பில்லை. ஆனால் மாதக்கணக்கில் தின்றும் ஏறாவிட்டால், அதோடு அழுத்தினால் மறையாத புள்ளி வந்தால், ஓடுங்கள். டாக்டர் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால் கௌரவம் பார்க்காமல் சொல்லுங்கள்.

இது நடந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு பேரும் மெட்ராஸ் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். என் சீட்டு வந்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. அவளுடையது வரும்போது மட்டும் உள்ளங்கை வேர்த்துவிடும். சீட்டில் இருப்பது இங்கிலீஷ், படிப்பது அவள்தான். நன்றாக இருக்கிறது என்றுதான் எப்போதும் படிப்பாள். கேன்சர் சந்தேகம் என்று எழுதியிருந்த காஞ்சிபுரத்துச் சீட்டையும் எனக்குப் பேரும் வயசும் என்றுதான் படித்துச் சொன்னாள். எனக்காகப் பொய் சொல்லக்கூடியவள் அவள். அந்தப் பழக்கத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

போன வாரமும் போயிருந்தோம். சீட்டைப் பிரித்து, "பதினொண்ணரை. போலாம், பஸ்ஸு போயிடும்" என்றாள். நான் சீட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய், சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் நீட்டினேன். "இதுல இன்னா போட்டுகீதும்மா? கொஞ்சம் படிச்சு சொல்லு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், பின்னால் நின்ற லூர்துவைப் பார்த்தாள்.

"பதினொண்ணரைங்க ஐயா. போன தடவையும் கேட்டீங்களே."

"அடுத்த தடவையும் கேப்பாரு" என்றாள் லூர்து. முந்தானையால் என் உள்ளங்கையைத் துடைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் முன்னால் நடந்தாள்.